பக்கெட்டின் பல்

சுரங்கக் குழியிலிருந்து லாரிகள் கல்லை மேலே ஏற்றிய காலத்தில், வாசலில் நின்று லாரிகளின் நடைக் கணக்கைக் குறித்தவள் அவள். பிறகு கல் உடைக்கும் கிரஷரையே குழிக்குள் இறக்கிவிட்டார்கள். உடைத்த கல் பெல்ட்டில் ஏறித் தானாகவே வெளியே போனது. லாரிகளுக்கு வேலை இல்லை. லாரி ஓட்டிய அவளுடைய அண்ணன், நாற்பத்தாறு வயதில் பயிற்சிக்குப் போய் கல் அள்ளும் இயந்திரத்தில் ஏறினான். அவளைக் கிரஷருக்கு மேலே கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்தார்கள். கல்லோடு இரும்பு வந்தால் சிவப்புப் பட்டனை அழுத்திக் கிரஷரை நிறுத்த வேண்டும்.

முதல் மாதமே, நனைந்த கறுப்புக் கல்லை இரும்பென்று நினைத்து அழுத்திவிட்டாள். வாய் நிறையக் கல்லோடு நின்ற கிரஷரை ஐந்து பேர் அரை நாள் கையால் தோண்டினார்கள்.

"என்ன சிவப்புப் பட்டன், இன்னைக்காவது எங்களைச் சாப்பிட விடுவியா?" என்று ஃபோர்மேன் தினமும் வாக்கிடாக்கியில் கேட்பார். குழியே சிரிக்கும். அவளுக்குக் காது மடல் சுடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கற்களுக்கு நடுவே இரும்புப் பல் ஒன்று தெரிந்தது. அண்ணனுடைய இயந்திரத்தில், கல் அள்ளும் பக்கெட்டின் நுனியில் மாட்டியிருக்கும் பல். கை பட்டன் வரை போய்விட்டது. மறுபடியும் கல்லாக இருந்து தொலைத்தால்? அப்படி நினைத்து முடிப்பதற்குள் அது உள்ளே விழுந்து, மறுபக்கம் வந்து, பெல்ட்டை இருநூறு மீட்டருக்குக் கிழித்துவிட்டது.

"பார்த்தியாம்மா?" என்றார் ஃபோர்மேன்.

"ஒரே தூசி சார்."

"காலையில ஆறு பல்லும் இருந்துச்சு சார்" என்றான் அண்ணன்.

"நடுவுல விழுந்ததுகூடத் தெரியாம அள்ளியிருக்க. தூங்குனியா?"

அவனை இயந்திரத்திலிருந்து இறக்கி, பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கல்லை வார அனுப்பினார்கள்.

"உங்கண்ணனுக்கு இனிமே மண்வெட்டிதான் லைசென்ஸ்" என்றாள் அண்ணி அன்று இரவு வீட்டில், அவன் சட்டைக் காலரைத் தேய்த்துத் துவைத்தபடி.

"சும்மா இருடி. என் தங்கச்சி கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பாளா? வெறுங்கல்லுக்கே நிறுத்துனவ!" அண்ணன் சிரித்தான். அவள் பாதிச் சோற்றோடு தட்டிலேயே கையைக் கழுவினாள்.

புது பெல்ட் ஓடத் தொடங்கிய காலை, கீழே அண்ணன் மண்வெட்டியோடு குனிந்திருந்தான். நிமிர்ந்து, வழக்கம்போல் கூண்டைப் பார்த்துக் கை ஆட்டினான். அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். எல்லார் இடுப்பிலும் கேட்கும் என்று தெரிந்துதான் எடுத்தாள்.

"சார்... அந்தப் பல்லை நான் பார்த்தேன். சிரிப்பீங்கன்னு பயந்து அழுத்தல. தூசின்னு சொன்னது பொய்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கூண்டை ஒருமுறை பார்த்தான். கையை ஆட்டவில்லை. மறுபடியும் குனிந்துகொண்டான்.

கல் வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. நல்லவேளை, அண்ணன் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.