நான் அனுப்பிய முகக்கவசம்

கால்கரியில் குளிர்காலம் வந்துவிட்டால் கதவின் கைப்பிடி கடிக்கும். காற்றில் ஈரமே இருக்காது. இரும்பைத் தொட்டதும் சுள்ளென்று ஒரு பொறி. அதனால் கைப்பிடியைத் தொடுமுன் பக்கத்துச் சிமெண்டுச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வேன். போன வாரம் எதிர்வீட்டு டேவ் இதைப் பார்த்துவிட்டுச் சானிடைசர் பாட்டிலை நீட்டினார். "எனக்கும் அந்தக் கிருமிப் பயம் இன்னும் போகவில்லை," என்றார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாங்கித் தேய்த்துக்கொண்டேன். அவர் ஒரு கையில் காபியோடு காரை எடுத்து, பனி உறைந்த ரோட்டில் பறந்தார்.

அந்தப் பழக்கம் கிருமியால் வந்ததல்ல. கனடா வருமுன் மூன்று வருடம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வெடிமருந்து வைத்திருக்கும் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். அதில் கையை வைத்து, உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நைலான் சேலை கட்டி வரும் பெண்களைக் கேட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவது என் வேலை. அந்தத் துணி உரசினால் பொறி வரும். மருந்துக்கு ஒரு பொறி போதும். "சாயங்காலம் ஒரு விசேசம் சார், இன்னைக்கு மட்டும் விடுங்க" என்று கெஞ்சியவர்களைக்கூட நான் விட்டதில்லை.

என் அக்கா பாண்டியம்மாள் தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறாள். கொரோனா வந்தபோது எங்கள் ஊரில் வெளியாள் நுழையாதபடி ரோட்டில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். கம்பெனி திறந்ததும் அதே முள்ளை விலக்கிக்கொண்டு மருந்து அறைக்குப் போனார்கள். நானோ கொரோனாவுக்குப் பயந்து இங்கிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை அக்காவுக்குப் போன் போட்டேன். இருப்பதிலேயே ஒசத்தியான முகக்கவசமாகப் பார்த்து ஒரு பெட்டி அனுப்பினேன். "வேலை நேரத்துல கழட்டவே கூடாதுக்கா. என் மேல சத்தியம்" என்றேன்.

பாவி மகள், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கவசத்தை மாட்டிக்கொண்டே மருந்து அறை வாசல்வரை போய்விட்டாள். போர்மேன் பார்த்து அலறியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"ஏலே தம்பி, நீ அனுப்புனது என்ன துணின்னு பாத்தியா? அம்புட்டும் நைலான் மாதிரிதான். மூக்குல கம்பி வேற. போர்மேன் அண்ணாச்சி வெரட்டி விட்டுட்டாக. நல்லவேளை, உள்ள கால் வைக்கல."

எத்தனை பெண்களை மறித்தவன் நான்! என் கையாலேயே அவளுக்கு அதை அனுப்பியிருக்கிறேன்.

"அந்த வேலையே வேண்டாங்க்கா, விட்டுரு."

"விட்டுட்டு? மழைக்கு மானம் பாத்த பூமில என்னத்தப் போய் வெதைக்க? கொரோனா வந்தாலாவது ஆசுபத்திரிக்குப் போக நேரம் குடுக்கும். வெடிமருந்து குடுக்குமாலே?" அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "இருவது வருசமா மருந்துலதான் கெடக்கேன். அதுக்கு ஒரு நாளாவது இப்படிப் பதறிப் போன் பண்ணியிருக்கியா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை. கனடா வந்த புதிதில்கூட அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. பழகிப்போன பயத்தை நாங்கள் பயம் என்றே எண்ணுவதில்லை. டேவுக்குப் பனி ரோடு எப்படியோ, எங்களுக்கு மருந்து அறை அப்படி. நினைக்க நினைக்க அசதியாக இருக்கிறது.

கொரோனா போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போதும் தினமும் போன் போடுகிறேன். எனக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் சாயங்காலம், அவளுக்குக் கம்பெனி வாசலில் காலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. "பருத்திச் சேலைதானக்கா?" என்று கேட்பேன். "ஆமாலே சூப்பர்வைசரு, வைக்கட்டா?" என்று சிரிப்பாள். அவள் வெளியே வந்து அனுப்பும் "வந்துட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லை மறுநாள் எழுந்துதான் பார்ப்பேன்.

நேற்றும் போனை வைத்தாள். அந்நேரம் மருந்து அறைத் தகட்டில் கை வைத்திருப்பாள். நான் என் வீட்டு வாசலில், சுவரில் பதித்த உள்ளங்கையை எடுக்க மனம் வராமல், கதவைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.