கால்மாட்டில் உட்கார்ந்த அம்மா

எங்கள் டவுனில் பெண்ணுக்கு என்று இருப்பது ஒரே ஒரு சிலை. அதுவும் உட்கார்ந்திருக்கிறது. அது என் அம்மா.

அப்பா செத்த பிறகு ரராவாய் சர்க்கரை ஆலைப் பக்கத்தில் ஆண்களுக்குச் சரியாக நின்று கரும்பு வெட்டியவள் அவள். புடவைக்கு மேல் அப்பாவின் சட்டை, கையில் கரும்புக் கத்தி. உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கப்பலேறி இந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த எங்கள் முன்னோருக்குச் சிலை வைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். நான் அவர்களுடைய டைப்பிஸ்ட். சிலை செய்யும் கொத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவைக் கத்தியோடு வெயிலில் நிற்க வைத்து வரைந்துகொண்டு போனார். அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

அந்த மாதமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எங்கள் ஜனங்கள் பயந்து நாட்டை விட்டுப் போனதில் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நானும் எங்கள் இருவருக்கும் நியூசிலாந்தில் குடியேற எழுதிப் போட்டேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "நான் அங்க நிக்கறதப் பாத்துடறேன். அப்புறம் நீ எங்க கூப்டாலும் வரேன்டி."

கமிட்டி மறுபடி கூடியபோது தலைவர் பேச்சை மாற்றினார். "பொம்பள கையில கத்தியக் குடுத்தா நம்ம ஜனம் மாரியாத்தான்னு சூடம் கொளுத்திடும். நடுரோட்டுல கோயிலான்னு சோல்ஜர் வந்து நிப்பான். கத்திய ஆம்பளைக்குக் குடு. அவள கால்மாட்டுல உக்கார வை, மடியில ஒரு புள்ள."

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அதை டைப் அடித்தேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நியூசிலாந்துக்கு அனுப்ப வேண்டிய வேலைச் சான்றிதழில் அந்த மனுஷனின் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. நான் பாவி.

திறப்பு விழாவன்று துணியை இழுத்தார்கள். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"மாத்திட்டாங்கம்மா."

"ஒனக்குத் தெரியுமா?"

நான் தலை குனிந்தேன். அவள் திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அதன் பிறகு தினமும் காலில் விழுந்து கெஞ்சினேன். "இந்த ஊர்ல உன்னத் தனியா விட்டுட்டு நான் எப்படிம்மா போவேன்? வாம்மா, வாம்மா" என்று அழுதேன். புறப்படுகிற அன்று காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"நீ போ. என்னத்தான் இங்க உக்கார வச்சுட்டியே."

நாடி விமான நிலையத்தில் இரண்டு டிக்கெட்டோடு தனியாக நின்றேன்.