விற்றுவிட்டு அர்ச்சனை செய்தவர்

சிதம்பரம் மேல வீதியில் மாடியில் நான் வேலை பார்த்த ஷேர் புரோக்கர் ஆபீசுக்கு அவர் தினமும் வருவார். நெற்றி நிறைய விபூதி, மழை இல்லாவிட்டாலும் கக்கத்தில் ஒரு குடை. கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்பார். விலை இறங்கியதும், சந்தை மூடுவதற்குள் வாங்கிக் கணக்கை முடிப்பார். இறங்கிய அளவு லாபம், ஏறினால் நஷ்டம். அவர் எப்போதும் விற்பது, தேய்ந்துகொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கை மட்டும்தான்.

"அது மேல அப்படி என்னங்க கோவம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோவமா? நம்ம மாப்ள அங்கதாங்க வேலை பாக்குறாரு. கம்பெனி படுத்துச்சுன்னா அவரு வேலை போயிடும். அப்ப பொண்ணுக்குக் குடுக்க என்கிட்ட ஏதாச்சும் இருக்கணும் இல்ல?"

அன்று சாயங்காலம் கோயிலில் அவரைப் பார்த்தேன். தீட்சிதரிடம் தட்டை நீட்டி, அர்ச்சனைக்கு அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நட்சத்திரம் கேட்டபோது தயங்காமல் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தைச் சொன்னார்.

"காலையில கவுந்துடணும்னு விக்கிறீங்க, இப்ப நல்லா இருக்கணும்னு அர்ச்சனையா?"

"விக்கிறது நானு. வேண்டிக்கிறது மாமனாரு. ரெண்டு பேரையும் ஏங்க முடிச்சுப் போடுறீங்க?"

விலை ஏறி அவர் நஷ்டப்பட்ட நாட்களில் ஆபீசில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ வரும். விலை படுமோசமாக விழுந்து நல்ல லாபம் பார்த்த நாட்களில் அவருடைய செல்போன் அடித்தால் எடுக்கமாட்டார். என்னிடம் நீட்டுவார்.

"பொண்ணான்னு மட்டும் பாத்து சொல்லுங்க."

நானும் பயந்துகொண்டேதான் பார்ப்பேன்.