காதர் பாயின் படகும் நான் நறுக்கிய ஒயரும்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் என் மானம் கப்பலேறியது. கப்பல்கூட இல்லை... எட்டுப் பேர் உட்காரும் படகு.

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் என் பழைய சிநேகிதர். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மோட்டார் படகு விட்டிருக்கிறார். படகின் பின்னால் தொங்குகிற மோட்டார், செகண்ட் ஹேண்ட். சீசன் நேரம்... கரையில் குடும்பம் குடும்பமாகக் கியூ. மோட்டாரோ ஐந்து நிமிடம் ஓடினால் 'பீப்' என்று கத்த ஆரம்பித்துவிடுகிறது.

சேலத்தில் இருபது வருஷமாக ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிறவன் நான். இந்தப் பத்திரிகையில் வாரா வாரம் எழுதுவதெல்லாம் அப்புறம்தான். எது சத்தம் போட்டாலும் பாய் எனக்குத்தான் போன் போடுவார்.

"ஏனுங்க, இது கரண்டுக் கோளாறா, இல்ல இந்த வெள்ளையன் ஓட்டற கோளாறான்னு பாத்துச் சொல்லுங்க. அவன் கோளாறுன்னா இன்னையோட நிறுத்திப்போடறேன்!"

வெள்ளையன்தான் படகோட்டி. நாற்பது வயதிருக்கும். காப்பி எஸ்டேட்டில் பம்ப் செட் ஓட்டிய வேலை போய், ஆறு மாதம் சும்மா இருந்து, இந்த வேலைக்கு வந்தவர். பாய் பேசியது காதில் விழ, துடுப்பைப் பிடித்தபடி நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

மீட்டரை எடுத்தேன். பாட்டரி சரி. ஃபியூஸ் சரி. எர்த்தும் சரி, ஆயிலும் சரி. ஆறவிட்டால் சத்தம் நிற்கிறது. ஓட்டினால் மறுபடி கத்துகிறது. விட்டு விட்டு வந்தால் என்ன அர்த்தம்? லூஸ் கான்டாக்ட் — வேறென்ன? 'பீப்' சத்தம் போடும் பஸ்ஸருக்குப் போகும் ஒயரைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, மோட்டாரை ஓடவிட்டேன். ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... மூச்சுப் பேச்சில்லை.

"மோட்டார்ல ஒண்ணுமில்லீங்க பாய். ஆள் மேலயும் தப்பில்லை. பஸ்ஸர்தான் கெட்டுப்போச்சு."

பாய் சிரித்தார். தப்பித்த வெள்ளையன் சிரிக்கவில்லை. மோட்டார் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, சத்தந்தான் நின்னுருச்சு. சூடு நொம்ப இருக்குதுங்க. இந்த ஓட்டையில தண்ணி பீச்சியடிக்குமுங்க, இப்பச் சொட்டுதுங்க. நான் ஆளுங்கள ஏத்த மாட்டேனுங்க."

"ஓட்டறியா, ஊட்டுக்குப் போறியா?" என்றார் பாய்.

"ஊட்டுக்கே போறனுங்க. நடுக்கொளத்துல நின்னுபோச்சுன்னா கொழந்தைங்க பயந்துக்குமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மோட்டாரை நிறுத்தித் தூக்கிச் சாய்த்தோம். குளத்துத் தண்ணீரை உறிஞ்சி, அந்த ஓட்டை வழியாக வெளியே விட்டுத்தான் இந்த மோட்டார் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உறிஞ்சுகிற துளைகளின் மேலே, கயிறு போட்டு இறுக்கிய வேட்டித் துணி! அதன்மேல் விரல் கனத்துக்குப் பாசி.

"யார் கட்டினது?"

"நாந்தானுங்க." வெள்ளையன் முகம் செத்துவிட்டது. "பம்ப் செட்டுல தண்ணி உறியற எடத்துக்குத் துணி கட்டித்தான் பழக்கமுங்க. குப்பை ஏறாம மோட்டார் நல்லா இருக்கட்டும்னு..."

துணியை அவிழ்த்து, மோட்டாரை இறக்கி ஓடவிட்டோம். தண்ணீர் பீய்ச்சியடித்தது. நறுக்கிய ஒயரைச் சேர்த்தேன்; பத்து நிமிடம் ஓடியும் சத்தமே இல்லை. பஸ்ஸர் காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. என் மீட்டருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நமக்குப் புரியாததையெல்லாம் கோளாறு என்று சொல்லிவிடுவதில்தான் எத்தனை சௌகரியம்! வெட்கமாக இருந்தது.

அது கிடக்கட்டும். வெள்ளையன் கதி? துணி கட்டியது அவர்தானே? பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துணி கட்டுனவன் சூடு இருக்குதுன்னு சொன்னான். ஒயர வெட்டுன நீங்க ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்க. இப்ப நான் யார நிறுத்தறதுங்க?"

வெள்ளையன் படகை எடுத்தார். நான் பஸ் ஏறினேன்.