பெட்டி கட்டியது நான்தான்

விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் எவன் உருப்படாமல் போனாலும் ஒரே வைத்தியம்தான்: விசா எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவது. "அங்க சட்டம் கடுமை, தன்னால திருந்திடுவான்" என்பார்கள். என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் அனுப்பினோம்.

அவர் பீங்கான் கம்பெனியில் களிமண் மூட்டை தூக்கியவர். தோள்வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். வலி போனது, மாத்திரை போகவில்லை. ஒன்று மூன்றாகி, மூன்று ஓர் அட்டையானது. ஒருநாள் சூளையிலிருந்து எடுத்த பொம்மைகளைத் தட்டோடு கீழே போட்டார். வேலை போனது. அங்கேயே பொம்மைக்குப் பிசிறு துடைத்துக்கொண்டிருந்த நான்தான் உடைந்ததைப் பெருக்கி அள்ளினேன். மாத்திரை கிடைக்காத நாளில் வியர்த்து, வாந்தியெடுத்து, சுருண்டு கிடப்பார். எங்கள் மகள் "அத்தாவுக்குக் காய்ச்சலாம்மா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஆமாம் என்பேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நான் சொல்லாமல் இல்லை. "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்மா, விசா வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று மாமியார் என் வாயை அடைத்தார். நானும் அடைத்துக்கொண்டேன். அறிவு கெட்டவள்.

வளைகுடாவில் வேலையிலிருந்த என் அண்ணன் விசா அனுப்பினான். கிளம்புகிற அன்று காலை வீடு நிறையச் சனம். பக்கத்து வீட்டம்மா அங்கே இருக்கும் தன் மகனுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தது. உள்ளறையில் நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கதவைச் சாத்தினார். சட்டைப்பையிலிருந்து நான்கு மாத்திரை அட்டைகளை எடுத்தார்.

"இத மட்டும் வெச்சிடு. கொஞ்ச நாளைக்குத்தான். இல்லன்னா வேன்லயே ஏற மாட்டேன்."

"புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு? அங்க புடிச்சா ஜெயிலுங்க!"

என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே பள்ளிவாசல் ஹஜ்ரத் வழியனுப்பும் துஆ ஓதக் காத்திருந்தார், வேன்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தான். எப்படியாவது ஏறித் தொலையட்டும், ஏறிவிட்டால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊறுகாய் பாட்டிலுக்குப் பேப்பர் சுற்றும்போது அட்டைகளையும் சேர்த்துச் சுற்றி டேப் ஒட்டினேன்.

அங்கே இறங்கியதுமே ஏர்போர்ட்டில் பிடித்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த அண்ணன்தான் போன் செய்தான். மாத்திரை ஊறுகாய் பாட்டிலோடு இருந்ததாம். மாமியார் நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பாவி, என் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பிட்டியே! நல்லா இருப்பியா நீ?"

அந்த அம்மா குர்ஆன் மேல் சத்தியம் செய்து அழுதது. பக்கத்தில்தான் நின்றேன். யா அல்லா!

இருபது நாள் கழித்து ஜெயிலிலிருந்து அவரைப் போனில் பேச விட்டார்கள். குரலே அவர் குரலாக இல்லை.

"உடம்பு முறுக்குதுடி. செத்துடுவேன்போல இருக்குது."

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. மறைக்காதீங்க, கேக்குதா? எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"பெட்டிய நானே கட்டினேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ யார்கிட்டயும் வாயத் தெறக்காத. புள்ள இருக்கு."

லைன் போய்விட்டது. மாமியார் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"யாரு வெச்சாங்கன்னு சொன்னானா? அவதானே?"

திறந்திருந்த ஜன்னல் வழியே பக்கத்து வீட்டம்மா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் சொல்லல மாமி" என்றேன்.