பதினாறிலும் எண்ணெய் வந்தது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நானே கிண்டல் அடிக்கிறவன். ஆனாலும் இது நடந்தது. கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாகத்தானே காட்டிக்கொள்வான்? இதில் என் மானம்தான் போகிறது. என் பெயர் வெர்ன். நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன்.

லாய்ட் என் முப்பது வருடக் கூட்டாளி. இடது கைக்காரன். அவனுடைய அறுபத்தெட்டாம் வருடத்து பிக்கப்புக்குப் புது எஞ்சின் வாங்கினான். பிப்ரவரியில் அது மரப்பெட்டியில் வந்து என் ஷெட்டில் இறங்கியது. "அடுத்த சனிக்கிழமை மாட்டிடலாம்டா" என்றேன். ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொன்னேன். கோடையில் அவனுக்குப் புற்றுநோய் என்றார்கள். அப்போதும் பெட்டியின் ஒரு ஆணியைக்கூட நான் பிடுங்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

"என்னடா, என் வண்டி ஓடுதா?"

"ஓடுதுடா. நேத்துதான் மாட்டி முடிச்சேன். சும்மா உறுமுது!"

"பதினாறு ராக்கர்லயும் எண்ணெய் வந்துச்சா?"

"வந்துச்சு."

என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனான்.

அவன் மனைவி ஆர்லீன் போன் செய்தாள். "சனிக்கிழமை அடக்கம், வெர்ன். அவரை அவரோட வண்டியிலயே கொண்டு போகணும். அதான் ஓடுதே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "ஓடுது" என்றேன், மறுபடியும்.

துணைக்கு ஆள் கூப்பிடவும் வெட்கம். தனியாகவே பழைய எஞ்சினைக் கழற்றினேன்.

வியாழன் மதியம் 2.15. புது எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு இறக்கினேன். தனியாளாக இறக்கினால் ஆடும், இடிக்கும். ஆடவே இல்லை... யாரோ முன்னால் பிடித்துக்கொண்ட மாதிரி நேராகப் போய் உட்கார்ந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

3.40. ஸ்டார்ட் பண்ணுமுன் புது எஞ்சினுக்குள் எண்ணெய் ஏற்ற வேண்டும். அது ரெண்டு பேர் வேலை. ஒருவன் பின்பக்கம் நின்று டிரில்லால் எண்ணெய் பம்பைச் சுற்றுவான். இன்னொருவன் முன்னால் குனிந்து, டிக் டிக் என்று திரும்பும் ராட்செட் ஸ்பானரால் எஞ்சினைக் கால் சுற்று திருப்புவான். திருப்பியதும் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டுவான். இப்படி மாறி மாறிச் செய்தால்தான் மேலே வால்வுகளை அமுக்கும் பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும். லாய்டும் நானும் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறோம். ராட்செட் எப்போதும் அவன் கையில்தான்.

ராட்செட்டை முன்னால் மாட்டி வைத்துவிட்டு, பின்பக்கம் வந்து டிரில்லை அழுத்தினேன். ர்ர்ர்ர்... நாலு ராக்கரில் எண்ணெய் கசிந்தது. நிறுத்தினேன். இனி நானே முன்னால் போய்த் திருப்ப வேண்டும்...

டிக். டிக். டிக்.

டக் டக்.

பழக்கதோஷம். அழுத்தினேன். இன்னும் நாலு.

டிக். டிக். டிக்... டக் டக்.

அழுத்தினேன்.

டக் டக்.

அழுத்தினேன்...

பதினாறிலும் வந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

ஷெட்டில் நான் மட்டும்தான்.

முன்னால் போய்ப் பார்த்தேன். ராட்செட் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடியை நான் வலப்பக்கம் வைத்திருந்தேன். இப்போது இடப்பக்கம் இருந்தது.

மணி 3.52.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பியதுமே வண்டி கிளம்பியது. லாய்டின் உடலை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். திறந்திருந்த சவப்பெட்டி அருகே ஆர்லீன் நின்றிருந்தாள். தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன்.

"அவருக்குத் தெரியும் வெர்ன். நீ போன உடனே சொன்னார். 'நேத்து எஞ்சின் மாட்டினவன் நகம் இவ்வளவு சுத்தமாவா இருக்கும்? கடைசியா என்னை அந்த வண்டியிலயே கொண்டு போகச் சொல்லு, அப்பவாவது மாட்டுறானா பாப்போம். பாவம், தனியா கிடந்து அல்லாடுவான். நான் போய் ஒரு கை பிடிக்கிறேன்'னார்."

என்னால் தலை நிமிர முடியவில்லை.

"இன்னொண்ணு... வியாழக்கிழமை இங்கேயிருந்து போன் வந்துச்சு. செவ்வாய்க்கிழமையே குளிப்பாட்டி சூட் போட்டுட்டாங்க. வியாழன் நாலு மணிக்குப் பாத்தா, இடது கை பூரா எண்ணெயாம். மறுபடி கழுவினாங்களாம். எப்படின்னு என்னைக் கேக்குறாங்க."

குனிந்து அவன் கையைப் பார்த்தேன்.

கழுவியும் முழுசாகப் போகவில்லை. கட்டைவிரல் நகத்தடியில் ஒரு கோடு மிச்சம் இருந்தது. இன்னும் கறுக்காத, புது எண்ணெய்.