மச்சான் கைவேலை

என் மச்சான் இரும்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெல்டிங் வைப்பான். மரக்காணத்தில் உப்பளத்திலிருந்து வரும் இரும்பின் துருவுக்குள் உப்பு இருக்கும். அதோடு பற்றவைத்தால் மேலே அழகாகத் தெரியும், உள்ளே பொத்தல் விழுந்து ஒருநாள் விட்டுப்போகும். அதனால் துருவைத் தேய்த்து, குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, விரலால் தொட்டு ருசி பார்ப்பான். "உப்பு போயிடுச்சு மாமா, போடலாம்" என்பான். அவன் என் மனைவியின் தம்பி. பட்டறை என்னுடையது.

வந்த ஒரே வருடத்தில் உப்பளக்காரர்கள் என்னைத் தாண்டி அவனைத் தேட ஆரம்பித்தார்கள். வீட்டிலோ சோறு போடும்போதெல்லாம் தம்பி புராணம். எனக்கு வயிறு எரிந்தது. நாக்கில் வைத்துப் பார்ப்பதெல்லாம் ஆளை மயக்கும் வித்தை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அவன் பெருமுக்கல்லில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தான். உப்பளக்காரர் ஒருவர், தண்ணீர் இறைக்கும் என்ஜினின் ஸ்டாண்டைக் கொண்டுவந்து இறக்கினார். கால் ஒன்று அறுந்திருந்தது. "உங்க மச்சான் கையால போட்டுக் குடுத்துடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நானே போட்டேன். போர் தண்ணீரை ஊற்றிக் கழுவியதோடு சரி. எங்கள் போர் தண்ணீரே உப்பு என்பது எனக்குத் தெரியாததல்ல. மறுநாள் காலையில் அவர் வந்தபோது, மச்சான் போட்டதுதான் என்று கொடுத்தனுப்பினேன். ஒரு மாதம் நன்றாக ஓடட்டும், அவர் அவனைப் புகழும்போது 'அது நான் போட்டது' என்று சொல்ல வேண்டும். அதுதான் என் ஆசை.

மூன்றாவது வாரமே கால் விட்டுப்போய், என்ஜின் உப்புத் தண்ணீரில் சாய்ந்தது. அவர் நாலு பேர் எதிரில் மச்சானைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, உன்னை நம்பித்தானே குடுத்தேன்?"

அவன் உடைந்த காலைத் திருப்பிப் பார்த்தான். அவன் வைக்கும் வெல்டிங் மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும். என்னுடையது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கும். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவன் என் பக்கம் திரும்பாமலே, "தப்புதாங்க. சரியா கழுவாம போட்டுட்டேன்" என்றான்.

அதன்பின் யாரும் அவனைக் கேட்டு வரவில்லை. அந்த சீசன் முடிவதற்குள் புதுச்சேரிக்குப் போய்விட்டான். அங்கே தனிப் பட்டறை, நல்ல பெயர். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒருநாள் அவமானத்தோடு போயிருக்கும். காப்பாற்றிவிட்டான், அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம்கூட என் மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "என் தம்பி போட்டதுல விட்டுப்போனது அது ஒண்ணுதாங்க."

அந்த ஒன்றும் அவன் போட்டதில்லை என்று சொன்னால், அவன் பேரில் ஒரு குறையும் மிஞ்சாது. நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன்.